காளவாசலிலிருந்து காயல் வரை: ஒரு லிட்டர் டீசலின் கணக்கு

மதுரைக்குப் புதியவர்கள் காளவாசல் என்னும் பெயரைக் கேட்டவுடன், பாண்டியர் காலத்துக் கோட்டை வாசல்களில் ஒன்று போலும் என எண்ணிக்கொள்வார்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் சுடுகின்ற சூளைக்குத் தென்பாண்டி மக்கள் இட்ட பெயரே காளவாசல். இன்று இங்கே சூளையும் இல்லை. சூளைப் புகையும் இல்லை. தேனி சாலையும் புறவழிச் சாலையும் சந்திக்கும் நாற்சந்தியில், 2020-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மேம்பாலத்தின் மேலும் கீழுமாக இரவு பகல் பாராது வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. லாரிப் பட்டறைகளும் டயர்க் கடைகளும் தேநீர்க் கடைகளுமாக ஊரின் முகமே மாறிவிட்டது.

எங்கள் பாட்டனார் அக்காலத்தில் சூளையொன்றில் கணக்கெழுதியவர். சிறுவனாக இருந்தபோது அவர் எனக்குச் சொன்ன ஒரு பாடம் இன்றும் நினைவில் நிற்கிறது. “இத்தனை வண்டி விறகு எரிந்தது என்பது பாதிக் கணக்கு. அதில் எத்தனை நல்ல கல் வெளியே வந்தது என்பதையும் சேர்த்தால்தான் முழுக் கணக்கு. உடைந்த கல்லையும் வேகாத கல்லையும் கூட்டிக் காட்டுகிறவன் முதலாளியையும் ஏமாற்றுகிறான், தன்னையும் ஏமாற்றிக்கொள்கிறான்” என்பார் அவர். ஆறு பத்தாண்டுகளுக்குப் பின், மலையாள நாட்டுக் காயற்கரையில் நின்று படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில் இந்தச் சூளைக் கணக்கு எனக்குக் கைகொடுக்கும் என்று நான் கனவிலும் கருதியதில்லை.

பயணம் நேர்ந்த காரணம்

என் தங்கை மகன் காளவாசலில் இரண்டு லாரிகள் வைத்துத் தொழில் நடத்துபவன். மதுரைச் சரக்கை ஏற்றிக்கொண்டு கோட்டயம், கொச்சி வரை போய்வருவான். சென்ற தை மாதத்தில் ஒரு நாள் மாலை, மக்ரிப் தொழுகைக்குப் பின் அச்சடித்த தாள் ஒன்றை என் முன் விரித்தான்.

“மாமா, இதைப் பாருங்கள். ஒரு லிட்டர் எண்ணெயில் லாரி 24 டன் இழுக்கிறதாம். ரயில் 95 டன் இழுக்கிறதாம். படகு 215 டன் இழுக்கிறதாம். கொச்சியில் ஒருவர் சரக்குப் படகில் பங்கு தருவதாகச் சொல்கிறார். அம்மாவின் நகையை விற்றுப் போட்டால் மூன்றே ஆண்டில் முதல் திரும்பிவிடும் என்கிறார். நம் வைகையைக்கூட அரசாங்கம் நீர்வழியாக அறிவித்துவிட்டதாமே! நாளைக்கு லாரிக்கு வேலையே இராது போலிருக்கிறது.”

வைகையைப் பற்றி அவன் சொன்னது மெய்தான். 2016-ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிச் சட்டம் நாடு முழுவதும் 111 நீர்வழிகளைப் பட்டியலிட்டது. அதில் வைகைக்கு 107-ஆம் எண். ஆனால் பட்டியலில் பெயர் இருப்பது வேறு. ஆற்றில் தண்ணீர் இருப்பது வேறு. ஆண்டின் பெரும்பகுதியில் மணலும் கருவேலமுமாகக் கிடக்கும் ஆற்றில் எந்தப் படகு ஓடும்? அந்தப் பேச்சை அத்துடன் விட்டுவிட்டேன். என்னை உறுத்தியது அந்த 215 என்னும் எண். தங்கையின் ஆயுட்காலச் சேமிப்பு அந்த ஓர் எண்ணின் மேல் ஏறி உட்காரப் போகிறதே!

“மாப்பிள்ளை, படகைக் கண்ணால் பார்க்காமல் காசைக் கையால் கொடுக்கக் கூடாது. உன் லாரியிலேயே நானும் வருகிறேன்” என்றேன். தங்கையும், “அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும், அதன்பிறகு நகையைப் பற்றிப் பேசலாம்” என்று முடித்துவிட்டாள்.

மேற்கு நோக்கி

சுபுஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். விராட்டிபத்து, நாகமலைப் புதுக்கோட்டை, செக்கானூரணி, உசிலம்பட்டி எனச் சமவெளி ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்சென்றன. ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டித் தேனியை அடைந்தால், அதற்கப்பால் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் நெல்லும் தென்னையும் திராட்சையுமாகப் பச்சைக் கம்பளம்.

லோயர் கேம்ப் அருகே மலையிலிருந்து இறங்கும் பெரிய குழாய்களைக் கண்டோம். 1895-ஆம் ஆண்டு பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்டு, இவ்வழியே இறங்கி மின்சாரம் தந்துவிட்டு, முல்லையாறாக ஓடி வைகையில் கலக்கிறது. மேற்கே போய்க் காயலில் சேர வேண்டிய தண்ணீரில் ஒரு பங்குதான் நம் பக்கம் வருகிறது. நாங்களோ தண்ணீரைத் தேடி, அது பிறந்த மலையைக் கடந்து மேற்கே போய்க்கொண்டிருந்தோம்.

குமுளி ஏற்றத்தில் லாரி முதல் கியரில் முனகிற்று. மருமகன் எண்ணெய் முள்ளைக் காட்டி, “சமவெளியில் லிட்டருக்கு 4 கிலோமீட்டர், இங்கே அதில் பாதிகூட வராது” என்றான். குட்டிக்கானத்துத் தேயிலைச் சரிவுகளைத் தாண்டி, முண்டக்கயம் வழியே இறங்கிக் காஞ்சிரப்பள்ளியில் வண்டியை நிறுத்தினோம். இங்கே ராவுத்தர் குடும்பங்கள் பல உண்டு. பல தலைமுறைகளுக்கு முன் மலையேறி வணிகத்துக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்று மலையாளம் பேசினாலும், மதுரை என்றதும் முகம் மலர்ந்து வரவேற்றார்கள். லுஹர் தொழுதோம், அவர்களோடு உணவருந்தினோம், புறப்பட்டோம்.

மீனச்சிலாற்றங்கரைப் பள்ளிவாசல்

கோட்டயத்தில் சரக்கை இறக்கியபின் மருமகன் என்னைத் தாழத்தங்காடிக்கு அழைத்துச் சென்றான். மீனச்சிலாற்றின் கரையில் நிற்கும் அந்த ஜும்ஆ பள்ளிவாசல் இந்நாட்டின் மிகப் பழைய பள்ளிவாசல்களுள் ஒன்றாக மதிக்கப்படுவது. ஓடு வேய்ந்த கூரையும், நுணுக்கமான மரச் செதுக்கு வேலையும், கேரளத்துத் தச்சர்களின் கைவண்ணத்தைப் பறைசாற்றுகின்றன. அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தால் எதிரே ஆறு.

ஒரு காலத்தில் இந்தத் துறை பெரிய வணிகத் தலமாக விளங்கிற்று. மலைச்சரக்கான மிளகும் ஏலமும் இங்கே வந்து படகேறின; படகில் வந்த பண்டங்கள் இங்கிருந்து மலையேறின. சாலை என்பது ஒற்றையடிப் பாதையாக இருந்த காலத்தில் ஆறுதான் நெடுஞ்சாலை. அதனால்தான் கடைத்தெருவும் பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் நீரை நோக்கி அமைந்தன. இன்று துறை அமைதியாகக் கிடக்கிறது. வணிகம் சாலைக்கு ஏறிவிட்டது.

கஞ்சியில் ஓடிய வள்ளம்

மறுநாள் வைக்கம் சென்றோம். 1924-ஆம் ஆண்டுப் போராட்டத்தாலும் தந்தை பெரியாராலும் தமிழர் நெஞ்சில் நிலைத்த ஊர். ஊரின் மேற்கே வேம்பநாட்டுக் காயல் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கிறது. படகுத்துறையில் முதியவர் ஒருவரைக் கண்டு ஸலாம் சொன்னோம். இளமையில் கெட்டுவள்ளம் செலுத்தியவராம். நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னதும் பொக்கை வாய் திறந்து சிரித்தார்.

கெட்டுவள்ளம் என்பது ஆணியே அடியாமல், ஆஞ்சிலி மரப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய சரக்குப் படகு. குட்டநாட்டு நெல்லைக் கொச்சிக்குக் கொண்டுபோனது இந்த வள்ளந்தான். பெரிய வள்ளம் 30 டன் வரை சுமக்கும். மூங்கிற்கோலை அடிமண்ணில் ஊன்றி, வள்ளத்தின் ஓரமாக நடந்து நடந்து தள்ளுவார்கள்; காற்று வாய்த்தால் பாய் விரிப்பார்கள். “இக்கா, எவ்வளவு எண்ணெய் பிடிக்கும்?” என்று மருமகன் அறியாமல் கேட்டுவிட்டான். “எண்ணெயா? எங்கள் வள்ளம் கஞ்சியில் ஓடியது தம்பி!” என்றார் பெரியவர்.

அவர் சொன்னது வேடிக்கைப் பேச்சன்று. 30 டன் சரக்கை ஓரிரு மனிதர்களின் தோள்வலி நகர்த்த முடிந்தது என்றால், நீர் எவ்வளவு பெரிய பணியாள் என்பது விளங்கும். சாலையில் 30 டன்னை இரண்டு பேர் அசைக்கவும் முடியாது. நீரின் மேல் மிதக்கும் பொருளுக்குச் சக்கர உராய்வு இல்லை; மேடு பள்ளம் இல்லை. மெதுவாகப் போகச் சம்மதித்தால் நீர் மிகக் குறைந்த கூலியே கேட்கும்.

பெரியவர் மேலும் இரண்டு செய்திகள் சொன்னார். அவையே என் கண்ணைத் திறந்தவை. ஒன்று: “வேலியேற்றத்தையும் இறக்கத்தையும் பார்த்துத்தான் கயிறு அவிழ்ப்போம். நீரோட்டத்தோடு போனால் அரை நாள். எதிர்த்துப் போனால் ஒரு நாள்.” இரண்டு: “தண்ணீர்முக்கம் அணையின் கதவுகள் அடைத்திருக்கும் மாதங்களில் பூட்டுவழியாகத்தான் கடக்க வேண்டும். அங்கே காத்துக் கிடந்த நேரத்துக்கு யார் கூலி தருவார்?” உப்புநீர் நெல்வயலுக்குள் ஏறாமலிருக்கக் கோடையில் அடைக்கப்படும் அணை அது. ஆக, தூரம் ஒன்றாகவே இருந்தாலும் செலவு நாளுக்கு நாள் மாறும். ஒரே எண்ணில் அடங்கும் பொருளன்று அது.

இன்று கெட்டுவள்ளங்களில் பெரும்பாலானவை சுற்றுலாப் பயணிகளின் மிதக்கும் விடுதிகளாகிவிட்டன. நெல் சுமந்த இடத்தில் இப்போது படுக்கையறை.

கதிரவனில் ஓடும் படகு

அதே துறையிலிருந்து தவணக்கடவுக்குப் போகும் ‘ஆதித்யா’ என்னும் படகின் வரலாற்றையும் இங்கே சொல்ல வேண்டும். 2017 ஜனவரியில் கேரள அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறை ஓடவிட்ட இப்படகு, சூரிய ஒளியில் இயங்கும் இந்தியாவின் முதல் பயணிப் படகு. 75 பேர் அமரலாம். கூரையில் 20 கிலோவாட் அளவுக்குச் சூரியத் தகடுகள். கொச்சியில் கட்டப்பட்டது. இது சரக்குப் படகன்று. எனினும் நம் கணக்குக்கு இது ஒரு பாடம்.

இதைக் கட்டியவர்கள் முதலில் தகடுகளைப் பற்றி மட்டும் கவலைப்படவில்லை. படகை ஒல்லியான இரட்டை உடலாக அமைத்து, எடையைக் குறைத்து, நீர் தரும் எதிர்ப்பைச் சுருக்கினார்கள். தேவையைக் குறைத்த பிறகுதான் கதிரவனின் சிறு கொடை போதுமானதாயிற்று. வரவைப் பெருக்குவதற்கு முன் செலவைச் சுருக்கு என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வதும் இதைத்தானே? மின்படகில் இன்னொரு வசதியும் உண்டு. எத்தனை யூனிட் செலவாயிற்று என்பதை மீட்டரே சொல்லிவிடும். டீசல் படகிலோ, தொட்டியில் கோலை விட்டு அளந்து எழுதிவைக்க ஒரு நேர்மையான மனிதர் வேண்டும்.

சம்பக்கரைக் கால்வாயில்

மாலையில் திருப்பூணித்துறை வழியாகச் சம்பக்கரைக் கால்வாய்க் கரையை அடைந்தோம். கொல்லத்திலிருந்து கோட்டப்புறம் வரையிலான 168 கிலோமீட்டர் மேற்குக் கடற்கரைக் கால்வாய், சம்பக்கரை, உத்யோகமண்டல் கால்வாய்களோடு சேர்த்து 1993-ஆம் ஆண்டு 3-ஆவது தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. அம்பலமேடு உரத் தொழிற்சாலைக்கான மூலப்பொருள்கள் படகேறிச் சென்ற பாதை இது.

பங்கு தருவதாகச் சொன்னவர் அங்கே எங்களுக்காகக் காத்திருந்தார். இனிமையாகப் பேசினார், இளநீர் வாங்கித் தந்தார். அப்போது சரக்கேற்றிய படகொன்று வந்தது. தண்ணீர் ஏறக்குறைய தளத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. சிறிது நேரத்தில் எதிர்த்திசையில் வெறும் படகொன்று உயர எழும்பி மிதந்து போயிற்று. இரண்டின் எந்திரமும் ஒன்றுபோலவே ஒலித்தது. மருமகன் என் முகத்தைப் பார்த்தான். லாரிக்காரனுக்கு அந்தக் காட்சி புரியாமலிருக்குமா?

நான் பங்குக்காரரிடம் பணிவாகக் கேட்டேன்: “ஐயா, இந்த 215 என்னும் கணக்கு போகும்போது மட்டுமா, திரும்பும்போதும் சேர்த்தா?” அவர் தாளைக் காட்டி, “அரசாங்கக் கணக்கு பாய், அதில் எப்படிப் பிழை இருக்கும்?” என்றார். “உங்கள் படகின் ஓராண்டுப் பதிவேடு இருக்கிறதா?” என்றேன். இல்லை என்றார். அவர் பொய்யர் என்று நான் கருதவில்லை. தாம் அளக்காத ஒன்றை அவர் நம்பியிருந்தார். எங்களையும் நம்பச் சொன்னார், அவ்வளவுதான்.

கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்

அன்றிரவு தங்கிய விடுதியில் மாமனும் மருமகனும் தாளும் எழுதுகோலுமாக உட்கார்ந்தோம். வாசக நேயர்களும் சற்றுப் பொறுமையோடு உடன் வரவேண்டுகிறேன். கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

முதலாவதாக, அந்தத் தாளில் ‘டன்’ என்று இருந்ததே பிழை. ‘டன்-கிலோமீட்டர்’ என்று இருக்க வேண்டும். ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுசேர்த்தால் அது ஒரு டன்-கிலோமீட்டர். 10 டன்னை 100 கிலோமீட்டர் கொண்டுபோனால் 1000. இதைச் செலவான லிட்டரால் வகுத்தால் கிடைப்பதே உண்மையான சிக்கன அளவு. பாட்டனாரின் சூளையில் விறகுக்கு எத்தனை நல்ல கல் என்றது போல.

இரண்டாவதாக, மருமகனின் லாரியையே எடுத்துக்கொண்டோம். 10 டன்னோடு சமவெளியில் லிட்டருக்கு 4 கிலோமீட்டர். 100 கிலோமீட்டருக்கு 25 லிட்டர். 1000-ஐ 25-ஆல் வகுத்தால் 40. ஆனால் தாளில் லாரிக்கு 24 என்றல்லவா இருக்கிறது? வெறுமனே திரும்பும்போது லிட்டருக்கு 5 கிலோமீட்டர். இன்னும் 20 லிட்டர். 1000-ஐ 45-ஆல் வகுத்தால் 22. லாரிக்கு வெற்றுப் பயணத்தையும் சேர்த்தால்தான் அந்த 24-ஐ ஒட்டி வருகிறது. அப்படியானால் படகுக்கும் அதே நீதி வழங்க வேண்டாமா?

மூன்றாவதாக, படகு. எடுத்துக்காட்டுக்காக ஒரு கற்பனைக் கணக்கு: 100 டன் படகு, 20 கிலோமீட்டர் கால்வாய், போக 12 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 2000-ஐ 12-ஆல் வகுத்தால் 166. வெறுமனே திரும்ப 8 லிட்டர் என்றால் மொத்தம் 20. அளவு 100 ஆகிவிடும். தண்ணீர் வற்றி 50 டன்தான் ஏற்ற முடிந்தது, போக 10 லிட்டர், வர 8 லிட்டர் என்றால் 1000-ஐ 18-ஆல் வகுக்க வேண்டும், 55-தான் வரும். அதே படகு, அதே கால்வாய், அதே எந்திரம். அளவு மட்டும் 166-லிருந்து 55 வரை இறங்கிவிட்டது!

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 2018 அக்டோபரில் ஜெர்மனியின் ரைன் ஆற்றில் காவுப் என்னுமிடத்தில் நீர்மட்ட அளவுகோல் 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. அதுவரை காணாத வறட்சி. பெரிய கப்பல்கள் தம் கொள்ளளவில் ஒரு சிறு பங்கை மட்டுமே ஏற்றிச் செல்ல நேர்ந்தது. நம் கங்கையிலும் 1500 முதல் 2000 டன் கப்பல்கள் ஓடுவதற்காக 2.2 முதல் 3 மீட்டர் வரை ஆழம் வேண்டுமென்று திட்டமிட்டிருக்கிறார்கள். ஆழமே அங்கு மூலதனம்.

படகில் எத்தனை டன் இருக்கிறதென்று தராசில்லாமல் எப்படி அறிவது? ஆர்க்கிமிடிஸ் கண்ட விதிதான். பெட்டி வடிவான படகு 20 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் என்றால், அது 10 சென்டிமீட்டர் கூடுதலாக அமிழும்போது 10 கனமீட்டர் நீர் விலகும். அதாவது 10 டன் ஏறியிருக்கிறது. படகின் பக்கத்தில் கோடு வரைந்து வைத்தால் படகே தராசாகிவிடும்.

வேகமும் கவனிக்கத்தக்கது. படகை விரைவாகச் செலுத்தினால் நீர் தன் கூலியைக் கடுமையாக உயர்த்துகிறது. கிலோமீட்டருக்கான எரிபொருள், வேகத்தின் வர்க்கத்தையொட்டி ஏறும். மணிக்கு 8 கிலோமீட்டரை 10 ஆக்கினால் செலவு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஆழம் குறைந்த கால்வாயில் அதற்கும் மேல்.

இரண்டு வரிசை எண்கள்

ஊர் திரும்பியபின் நூலகத்திலும் பிற வழிகளிலும் தேடினேன். வியப்பு காத்திருந்தது. அரசுத் தரப்பு வெளியீடுகளிலேயே இரண்டு வரிசைகள் வழங்குகின்றன. ஒன்றில் லாரி 24, ரயில் 85, படகு 105. மற்றொன்றில் 24, 95, 215. லாரியின் எண் மாறவில்லை. படகின் எண் மட்டும் இரட்டிப்பாகிவிட்டது. முதல் வரிசைப்படி படகு லாரியைவிட 4.4 மடங்கு சிக்கனம்; இரண்டாவதன்படி 9 மடங்கு.

2017-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, ஒரு கேலன் எரிபொருளில் ஒரு டன்னை லாரி 145 மைலும், ரயில் 477 மைலும், ஆற்றுப்படகு 647 மைலும் கொண்டுசெல்வதாகக் கூறியது. நம் அளவுக்கு மாற்றினால் லாரி 56, ரயில் 184, படகு 250. பெரும் படகுகளைக் கட்டுக்கட்டாக இணைத்துத் தள்ளும் மிசிசிப்பி போன்ற பேராறுகளிலும் படகின் மேன்மை லாரியைவிட நாலரை மடங்குதான். ரயிலோடு ஒப்பிட்டாலோ ஒன்றரை மடங்குக்கும் குறைவு. எனவே 9 மடங்கு என்று கேட்டவுடன் தலையாட்டாமல், “எந்த ஆற்றில், எவ்வளவு சுமையில், திரும்புகாலில் என்ன ஏற்றி?” என்று கேட்பதே அறிவுடைமை.

இன்னொரு கூற்றும் பரவலாக உண்டு: ஒரு குதிரைத்திறன் சாலையில் 150 கிலோவையும், தண்டவாளத்தில் 500 கிலோவையும், நீரில் 4000 கிலோவையும் நகர்த்தும் என்பது. 26 மடங்கு! ஆனால் குதிரைத்திறன் வேறு, எரிபொருள் வேறு. லாரி ஒரு மணியில் கடக்கும் 40 கிலோமீட்டரை 8 கிலோமீட்டர் வேகப் படகு ஐந்து மணி நேரத்தில் கடக்கிறது. எந்திரம் ஐந்து மடங்கு நேரம் எரிகிறது. 26-ஐ 5-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 5 மடங்கில் வந்து நிற்கும்.

இதனால் படகு வீண் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். நாலரை மடங்கும் பெரிய பேறுதான். நாட்டின் எண்ணெய்ச் செலவும் காற்றின் மாசும் குறைய நீர்வழி நல்ல துணை. கடற்கப்பல்களுக்குச் சரக்கின் எடையையும் தூரத்தையும் கொண்டு கரிவளி அளவைக் கணக்கிடும் முறையைப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2009-இலேயே வகுத்துக் கொடுத்தது. நம் நாட்டிலும் உள்நாட்டுக் கப்பல்களைப் பசுமையாக்கும் ‘ஹரித் நௌகா’ வழிகாட்டுதல்கள் 2024 ஜனவரியில் வெளிவந்தன. அளவு நேர்மையாக இருந்தால்தான் இம்முயற்சிகள் வெல்லும். அளவையிலும் நிறுவையிலும் குறை செய்வோரின் பெயராலேயே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம் உண்டு என்பதை நாம் அறிவோம். கடைத்தராசுக்கு மட்டுமா அந்த எச்சரிக்கை? மிகைப்படுத்திய ஓர் எண்ணும் கோணிய தராசுதானே?

மீண்டும் காளவாசல்

தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னோம். நகைப்பெட்டி மீண்டும் அலமாரிக்குள் போயிற்று. பங்குக்காரருக்கு மருமகன் மரியாதையோடு ஒரு கடிதம் எழுதினான்: ஓராண்டுக்குப் பயணந்தோறும் ஏற்றிய டன், கடந்த தூரம், போக எத்தனை லிட்டர், வர எத்தனை லிட்டர், காத்திருந்த நேரம் ஆகிய ஐந்தையும் பதிந்து அனுப்பினால் மீண்டும் பேசலாம் என்று. இன்னும் பதில் வரவில்லை.

ஆனால் இந்தப் பயணம் வீண்போகவில்லை. 2018 அக்டோபரில் கொல்கத்தாவிலிருந்து புறப்பட்டு நவம்பர் 12-இல் வாராணசி சேர்ந்த முதல் கொள்கலன் கப்பலைப் பற்றி நான் அவனுக்குப் படித்துக் காட்டியிருந்தேன். 16 கொள்கலன்களைக் கொண்டுவந்த அந்தக் கப்பல் திரும்புகாலில் உரம் ஏற்றிச் செல்ல ஏற்பாடாகியிருந்தது. “கப்பலுக்கே திரும்புசுமை தேவையென்றால் லாரிக்கு வேண்டாமா மாமா?” என்று கேட்டான் அவன்.

இப்போது அவன் பதிவேட்டில் ‘திரும்புகால்’ என்று புதிதாக ஒரு பத்தி இருக்கிறது. கோட்டயம் பக்கத்திலிருந்து ரப்பரோ தேங்காயோ 5 டன்னாவது ஏற்றாமல் வண்டியைத் திருப்புவதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தோம். சமவெளியில் 100 கிலோமீட்டருக்குப் போக 25 லிட்டர், அரைச்சுமையோடு வர 22 லிட்டர். 1500 டன்-கிலோமீட்டரை 47-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 32. வெறுங்கையோடு திரும்பியபோது வந்தது 22. புதிய வண்டி வாங்கவில்லை, நகையை விற்கவில்லை, ஒரு லிட்டர் எண்ணெய் மட்டும் முன்னைவிட ஒன்றரை மடங்கு உழைக்கிறது.

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீடு திரும்பும்போது மேம்பாலத்தின் அடியில் அவன் லாரி நின்றிருந்தது. தார்ப்பாய்க்குள்ளிருந்து தேங்காய் நாரின் மணம் வந்தது. பதிவேட்டை எடுத்து நீட்டினான். பத்தி காலியாக இல்லை.